குடத்தைவிடப் பெரிய முட்டை

இறந்த பிறகு அழகியநம்பி ஆண்டுக்கு ஒரு வாக்கியம் பேசினான்.

ஆவணித் திருவோணம் அவன் பிறந்தநாள். அன்று அந்திப்பொழுதில் அவன் மனைவி நப்பின்னை பெருமாளுக்கு விளக்கேற்றிப் பாசுரம் ஓதி, மகள் வகுளாவை அருகில் அமர்த்திக்கொண்டு, 'முன்னொரு கடல் முன்னொரு காடு' என்னும் சிறுவர் நூலைத் திறப்பாள். டைனோசர்களைப் பற்றிய நூல் அது. திறந்ததும் அழகியநம்பியின் குரலில் வாசிக்கத் தொடங்கும். பழகிய பக்கங்கள் பழகிய குரலில் கடந்துபோகும். பிறகு ஓரிடத்தில், உயிரோடிருந்தபோது அவன் ஒருபோதும் சொல்லாத வாக்கியம் ஒன்று அதே குரலில் எழும். அந்த ஒன்றுக்காக அவள் ஓராண்டு காத்திருப்பாள்.

இதில் மாயம் ஏதுமில்லை. குரல்நூல்கள் வீடுதோறும் வந்துவிட்ட காலம். குழந்தைக்காக ஒரு நூலை யாரேனும் முதற்பக்கம் தொடங்கி இறுதிவரை ஒருமுறை வாய்விட்டு வாசித்தால், நூல் அந்தக் குரலைத் தனக்குள் ஏந்திக்கொள்ளும். வாசித்தவர் ஊரில் இல்லாத நாளில் அவருக்குப் பதிலாக வாசிக்கும். அறிஞர்கள் புதிதாக ஒன்றைக் கண்டறிந்து, நூல் சொன்னது பிழையென்று ஆகிவிட்டால், அந்த வாக்கியம் மட்டும் எல்லாப் பிரதிகளிலும் ஒரே நேரத்தில் மாறும். மாறிய வாக்கியத்தை ஏந்திய குரலிலேயே இழைத்து நூல் சொல்லும்.

இறந்தவர் குரலைக் கொண்டு புதிய நூல் எதையும் செய்யலாகாது என்று சட்டம் இருந்தது. போலிக் குரல்களை நம்பிக் குடும்பங்கள் நிலத்தையும் நகையையும் இழந்த பிறகு வந்த சட்டம். வேறு கருவி எதனாலும் அக்குரலைப் பதியவும் முடியாது. பதித்தால் வெறும் காற்றொலியே மிஞ்சும். ஆகவே இறந்தவர் புதிதாக ஒன்று பேச ஒரே வழிதான் எஞ்சியது. அவர் வாசித்துவிட்டுப் போன நூலில் பிழை இருக்கவேண்டும்.

கணக்கு நூல் திருந்துவதில்லை. பாசுர நூல் திருந்தலாகாது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மாண்ட உயிர்களைப் பற்றிய நூலோ, மண்ணுக்குள்ளிருந்து ஓர் எலும்பு வெளிப்படும்போதெல்லாம் தன் சொல்லை மாற்றியாகவேண்டும். அழகியநம்பி வாசித்த நூல்களுள் அத்தகையது இது ஒன்றே. அட்டையின் பளபளப்பைப் பார்த்துக் கடைத்தெருவில் அவன் வாங்கிவந்தது. பக்கத்துக்குப் பக்கம் பிழை மலிந்தது.

நப்பின்னை அரியலூரில் மாவட்ட நூலகர். பள்ளிகளுக்கு நூல் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஓர் உறுப்பினர். பட்டியலில் நிற்கும் ஒவ்வொரு நூலுக்கும் குழுவில் ஒருவர் பொறுப்பாளர். அந்நூலின் பிழைகளைக் குரல்நூல்களைத் திருத்தும் மையத்துக்கு அனுப்பும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு. பட்டியலிலிருந்து விலக்கிய நூலை அதன்பின் எவரும் திருத்துவதில்லை, உள்ளபடியே உறைந்துவிடும். கணவன் மறைந்த ஆண்டில் அவள் அந்த மோசமான நூலைப் பட்டியலில் சேர்த்தாள். பொறுப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதன் பிழைகள் அவளுக்கு மனப்பாடம். எல்லாவற்றையும் ஒரே நாளில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அவன் ஒரே மாலையில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவான். ஆகவே ஆண்டுக்கு ஒன்றாக அனுப்பினாள். டைனோசர்கள் வாலைத் தரையில் இழுத்து நடந்தன என்பது ஓராண்டு திருந்தியது. உடல் முழுதும் பல்லித்தோல் என்பது மறு ஆண்டு திருந்தி, "சிலவற்றுக்கு இறகுகள் இருந்தன, நம் முற்றத்துக் குருவி அவற்றின் உறவு" என்றான் அழகியநம்பி. அதன்பின் பல நாள் அவள் வேலையை விட்டுவிட்டுக் குருவிகளைப் பார்த்து நின்றாள். பாசுரங்களில் பிரிந்தவள் நாரையையும் முகிலையும் தூது விடுவாள். நப்பின்னை பிழைகளைத் தூதுவிட்டாள்.

இவ்வாண்டுத் தேர்வுக் கூட்டம் ஆடியில் கூடியது. குழுவில் அவளையன்றி இருவர். இருதயராஜ் நிலவியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓடை ஓடையாக அலைந்து கறுத்த முகம். மெஹருன்னிசா ஓடைக்குடி நடுநிலைப்பள்ளியின் தலைமையாசிரியை. வந்ததும் தேநீர் கேட்பவர், அன்று நேரே பையைத் திறந்து ஒரு துணிமுடிச்சை மேசைமேல் வைத்தார்.

"என்ன டீச்சர், திங்க எதாச்சும் கொண்டாந்தீங்களா?" என்றார் இருதயராஜ்.

"உங்க பல்லு தாங்காது சார். பிரிச்சுப் பாருங்க."

பிரித்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. தேங்காய்ச் சிரட்டைபோல் வளைந்த கல்துண்டு ஒன்று. புறத்தே நுண்ணிய மணிமணியான பரல்கள். சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"முழுசு எங்க இருக்கு?"

"முழுசு இல்ல சார்." மெஹருன்னிசாவின் குரல் தாழ்ந்தது. "ஸ்போர்ட்ஸ் டே வருதில்லையா, குண்டு எறியறதுக்கு இரும்புக்குண்டு கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. பசங்க வந்து, ஓடையில உருண்டைக் கல்லு கிடக்குது டீச்சர், எல்லாம் ஒரே அளவு, அதை வச்சுப் பழகிக்கறோம்னாங்க. கெட்டிக்காரப் பசங்கன்னு நெனச்சேன். நேத்து கடைசியா இருந்த ஒண்ணும் பொளந்து, உள்ள இப்படி ஓடு மாதிரி தெரிஞ்சப்பதான் எனக்கே திக்குனு இருந்துச்சு."

"எத்தனை டீச்சர்?"

"கூடு பூராவும் சார்."

இருதயராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வெளியே நூலகத்துக் காவலாளி யாரையோ வண்டியை ஒழுங்காக நிறுத்தச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார்.

"வேலையில சேந்த நாள்லேர்ந்து அந்த ஓடையில நடக்கறேன்," என்றார் இருதயராஜ். "ஓட்டுத்துண்டு கெடைக்கும். ஒரு கூட்டை, வச்சது வச்சபடி, ஒருதடவை பாத்துட்டா போதும்னு கர்த்தர்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். என் காலுக்குப் பக்கத்துலயேதான் இருந்திருக்கு."

"ஒரு பொண்ணு சொல்லியிருக்கா சார், இது முட்டை மாதிரி இருக்குதேன்னு. மத்ததுங்க கேக்கல. நம்ம கொடுத்த நூலைத் திறந்து காட்டி அவ வாயை அடைச்சிருக்குதுங்க."

பள்ளியின் பிரதியை அவர் கொண்டுவந்திருந்தார். திறந்தார். பதிப்பகத்தார் அமைத்துத் தந்த பெண்குரல் ஒன்று கணீரென்று வாசித்தது: "டைனோசரின் முட்டை தண்ணீர்க் குடத்தைவிடப் பெரியது. அதைவிடச் சிறிய உருண்டையைக் கண்டால் ஏமாறாதீர்கள். அது வெறும் கல்."

நப்பின்னை நூலை மூடினாள். வரும் திருவோணத்துக்கு வேறொரு பிழையை எடுத்து வைத்திருந்தாள். குடத்தை அதற்கு அடுத்த ஆண்டுக்கென்று ஒதுக்கியிருந்தாள்.

"மேடம், போன வருஷமே சொன்னேன்," இருதயராஜ் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இந்தக் குடம் சுத்தப் பொய்னு. நம்ம பக்கத்து முட்டை உரிச்ச தேங்கா அளவுதான்னு. நீங்க, பாக்கலாம் சார்னீங்க."

"சொன்னீங்க சார். நான்தான் அனுப்பல."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. தம் பையிலிருந்து வேறொரு நூலை எடுத்து நடுவில் வைத்தார். கண்ணைப் பறிக்காத அட்டை. பழுப்பு மண்ணில் ஒரு கால்தடம்.

"இதை எடுத்துக்கலாம். எவ்வளவு பெருசு, எத்தனை பல்லுன்னு சொல்றதுக்கு நூலு வேணாம், விளம்பரப் பலகை போதும். அதை எப்படிக் கண்டுபுடிச்சோம்னு சொல்லணும். தெரியாத இடத்துல தெரியாதுன்னு சொல்லணும். இதுல அப்படி நெறைய இடம் இருக்கு. அப்புறம், நம்ம பிள்ளைங்க காலுக்குக் கீழ என்ன கெடக்குதுன்னு ஒரு பக்கமாச்சும் வேணும்."

"ஆமா சார், பாதி நூலுங்க அதுங்க அமெரிக்காவுல மட்டுமே குடியிருந்த மாதிரி எழுதுதுங்க."

"அதுங்களுக்கு அப்பவே விசா கெடைச்சிருக்கும் டீச்சர்," என்றார் இருதயராஜ். எவரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

பழைய நூலை விலக்கலாமா என்று கேட்டபோது நப்பின்னை முதலில் கையை உயர்த்தினாள். புதிய பட்டியல் மறுநாள் காலை வெளியாகும் என்று முடிவாயிற்று.

தாழ்வாரத்தில் இருதயராஜ் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் வந்ததும் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"பள்ளிக்கூடத்துலேர்ந்து எடுத்துட்டோம். சரி. வீடுங்கள்ல எத்தனை கெடக்குதோ. அதெல்லாம் இனிமே உறைஞ்சிடும். அந்தப் பிள்ளைங்களுக்குப் பேரப்பிள்ளை பொறந்தாலும் குடம் குடம்னே சொல்லிக்கிட்டு இருக்கும்."

"விடியற வரைக்கும் உரிமை எங்கிட்டதானே சார் இருக்கு."

"இருக்கு." அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். "உங்க வீட்டு நூலும் இதேதான்னு நம்பி ஒருதடவை சொன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல மேடம். அனுப்புங்கன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல."

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவளுக்குச் சன்னலோரம் இடம் கிடைத்தது. இருமருங்கும் வெண்ணிறப் புழுதி, கருவேலம், சுண்ணாம்புப் பாறை. இந்நிலம் முழுதும் ஒரு காலத்தில் கடல். பழைய இலக்கணம் கடற்கரைக்கு இரங்கலை உரிமையாக்கியது. கழியில் நாரை நிற்க, புன்னை நிழலில் ஒருத்தி வராத தேருக்காகக் காத்திருப்பாள். கடலே விலகிப்போன பிறகு அங்கே எஞ்சுவது எந்த ஒழுக்கம் என்று அவள் எண்ணினாள். அலை போயிற்று, நாரை போயிற்று. சிப்பி மட்டும் கல்லாகிக் கிடக்கிறது, இன்னும் வாய் திறந்தபடி.

செய்யவேண்டியது அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. எல்லாப் பிழைகளையும் இன்று அனுப்பவேண்டும். அவன் ஒரே மாலையில் எல்லாவற்றையும் பேசிவிடுவான். அதன்பின் என்றும் புதிதாகப் பேசமாட்டான். இழப்பு தனக்கு மட்டுமே உரியது என்று நம்பியதால் அதைச் சுமக்க அவளால் முடியும் என்று தோன்றியது.

வகுளா வீட்டுப்பாடத்தை விரித்துவைத்து, அதன்மேல் கன்னத்தைச் சாய்த்துக் கிடந்தாள். அவளுக்குப் பத்து வயது. நப்பின்னை கைகால் கழுவி, விளக்கேற்றி, வழக்கமான பாசுரத்தை ஓதினாள். பாதியில் ஓரடி மறந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். பிறகு நூலை எடுத்துவந்தாள்.

"இன்னிக்குத் திருவோணம் இல்லியே," என்றாள் வகுளா.

"இல்ல. ஆனா இன்னிக்கு அப்பா நெறையப் பேசப்போறாரு. மிச்சம் இருக்கற தப்பு எல்லாத்தையும் அனுப்பிடப் போறேன்."

மகள் துள்ளி எழுவாள் என்று எதிர்பார்த்தாள். வகுளா எழுந்து உட்கார்ந்தாள், அவ்வளவே.

"எது எது மாறும்?"

"இடுப்புல ரெண்டாவது மூளைன்னு ஒண்ணு வருமே, அது. அப்புறம் முட்டையைப் போட்டுட்டு மறந்துட்டுப் போயிடும்னு வரும். அதுவும் தப்பு. சிலதுல அப்பாவே உக்காந்து அடைகாத்திருக்கலாம்னு சொல்றாங்க. அதை அப்பா குரல்ல கேட்டா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு. அப்புறம் அந்தக் குடம்."

"குடமும் மாறுமா?"

"மாறும்."

வகுளா நூலைத் தாயின் கையிலிருந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அது வேணாம்மா. வேற என்ன வேணும்னாலும் எடுத்துக்க. ஏற்கெனவே நெறைய எடுத்துட்டே."

"எடுத்துட்டேனா? என்னடி சொல்ற? வருஷா வருஷம் அப்பாவைப் பேச வச்சது யாரு?"

"அது அப்பா இல்லம்மா."

வகுளாவின் குரலில் சினமில்லை. சிறு குழந்தைக்கு ஒன்றைப் பொறுமையாக விளக்குபவளின் குரலாக இருந்தது.

"வாலை இழுத்துக்கிட்டு நடக்கும்னு படிக்கறப்ப அப்பா நடுவுல தும்முவாரு. நீ திருத்தினப்பறம் தும்மல் போயிடுச்சு. பல்லித்தோலுன்னு சொல்லிட்டு ஒரு மடக்குத் தண்ணி குடிப்பாரு. அதுவும் போயிடுச்சு. புதுசா வர்றதுல அவரு மூச்சே விடறதில்லம்மா. நீ கவனிச்சதே இல்லியா?"

"நீ ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீ அன்னிக்கு மட்டும்தான் பூ வச்சுப்பே," என்றாள் வகுளா.

நப்பின்னை சுவரில் சாய்ந்தாள். புதிய வாக்கியத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருந்தவள், அது எந்த இடத்தில் வந்து அமர்ந்தது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அவன் மெய்யாகவே மூச்சுவிட்டு, தும்மி, தண்ணீர் குடித்துச் சொன்னதை ஒவ்வொன்றாகத் துடைத்து, அவன்போல் ஒலிக்கும் ஒன்றை அங்கே வைத்தது அவள் கைதான். மகள் அருகில் அமர்ந்து அதை வாய்திறவாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"குடத்துல என்ன இருக்கு?" என்று கேட்டாள். கேட்க அச்சமாக இருந்தது.

வகுளா பக்கத்தைத் திறந்தாள்.

"டைனோசரின் முட்டை தண்ணீர்க் குடத்தைவிடப்—" என்று தொடங்கிய அழகியநம்பியால் மேலே வாசிக்க முடியவில்லை. மூக்கு வழியே முதலில் ஒரு சிரிப்பு கசிந்தது. அடக்கப் பார்த்தான். அடங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆசிரியர் முன் நிற்கும் மாணவனைப்போல், "—பெரியது" என்று முடித்தான்.

"எப்பவும் இருமல்னு நெனச்சேன்," என்றாள் நப்பின்னை.

"இருமலா! நீ அடுத்த பக்கத்துக்குத்தானே ஓடுவே. நான் கேட்டேம்மா, அதை அவிச்சா நம்ம தெரு பூரா சாப்பிடலாமான்னு. உப்பு எவ்வளவு போடணும்னும் கேட்டேன். நீ அடுப்படியில இருந்தே. என் கேள்வியை நூலு எடுத்துக்கல. அவரு சிரிச்சதை எடுத்துக்கிச்சு."

மீண்டும் ஒருமுறை கேட்டார்கள். நப்பின்னை கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்டுக்கு ஒன்றாக அவள் ஏங்கிப் பெற்ற அத்தனையும் ஒரு தட்டில் இருக்க, இந்த ஒரு சிரிப்பு மறுதட்டைத் தரையில் சாய்த்தது.

"சரி. அனுப்பல," என்றாள்.

அனுப்பாதிருந்தால் ஒருவரும் அறியப்போவதில்லை. விடிந்தால் உரிமை போய்விடும், நூல் உறைந்துவிடும், சிரிப்பு என்றென்றும் இருக்கும். இருதயராஜ் ஒரு சொல்லும் சொல்லமாட்டார். வகுளா நூலை மடியில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இன்னிக்கே அனுப்பணும்னு வந்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நப்பின்னை ஓடைக்குடிப் பள்ளியில் நடந்ததைச் சொன்னாள்.

"கூடு பூராவுமா உடைஞ்சுது?"

"ம்."

"அந்தப் பொண்ணு முட்டைன்னு சொல்லியும் கேக்கலியா?"

"நூலுல வேற மாதிரி இருக்குன்னு சொல்லி அவளைப் பேசவிடல."

வகுளா நூலை மூடி, அதன் அட்டையைப் பார்த்தாள்.

"அப்பா குரல்லயா?"

"இல்ல. பள்ளிக்கூடத்து நூலுல வேற யாரோ ஒரு அம்மா குரலு."

"ஆனா சொன்னது இதையேதானே."

"இதையேதான்."

"ஓடையில இன்னும் கூடு இருக்குமா?"

"இருதயராஜ் சார் இருக்கும்னுதான் சொல்வாரு. அவருக்கு அந்த ஆசை விடாது."

வகுளா பக்கத்தை மறுபடி திறந்தாள். அவன் சிரித்தான். மூடித் திறந்தாள். சிரித்தான். இன்னும் ஒருமுறை. இம்முறை அவள் தானும் சிரிக்க முயன்று, முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு நூலை விரித்தபடியே தாயின் மடியில் வைத்தாள்.

"போதும்மா. அனுப்பிடு."

"கண்ணு, நல்லா யோசிச்சுச் சொல்லு. போனா வராது."

"தெரியும். நீ அனுப்பு. நான் பாக்கல."

நப்பின்னை கைபேசியை எடுத்தாள். பிழைகளை ஒவ்வொன்றாக, நெஞ்சிலிருந்து, திருத்தத்தோடு எழுதினாள். குடத்தைக் கடைசியாக எழுதினாள். பெருமாளை ஒருமுறை பார்த்தாள், அனுப்பினாள்.

சிறிது நேரம் ஒன்றும் நிகழவில்லை. தெருவில் யாரோ பால்காரரோடு வாதாடிக்கொண்டு போனார்கள். பிறகு மடியில் கிடந்த பக்கத்தில் எழுத்துகள் ஒருகணம் மங்கி, மீண்டும் தெளிந்தன. வகுளா கண்ணைத் திறந்து, அருகில் நகர்ந்து, தாயின் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

"டைனோசரின் முட்டைகள் பல அளவின," என்றது அழகியநம்பியின் குரல். "அரியலூர்ப் பக்கத்து ஓடைகளில் கிடைப்பவை உரித்த தேங்காய் அளவே. அத்தகைய உருண்டையைக் கண்டால் எடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்."

நல்ல வாக்கியம். தெளிவானது, பிழையற்றது. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் இருவரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். நூல் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று.